நல்லோர் நடந்த தடம்

நீதிமொழிகள் நூலின் இரண்டாம் அதிகாரம் எபிரேய மூலத்தில் ஒரே நீண்ட வாக்கியம். அதில் 22 வசனங்கள். எபிரேய நெடுங்கணக்கின் எழுத்துகளும் 22. தந்தை மகனிடம் பேசுவதாக அமைந்த அந்த வாக்கியம், ஞானத்தைத் தேடச் சொல்லித் தொடங்குகிறது. தேடினால் என்ன கிடைக்கும், எந்தெந்தத் தீமையிலிருந்து தப்பலாம் என்று சொல்லிக்கொண்டே போய், முடிவை நெருங்கும்போது அந்தத் தேடலின் பயனைச் சொல்கிறது. நல்லவர்கள் சென்ற வழியில் மகனும் செல்ல வேண்டும், நீதிமான்களின் பாதையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதே அது.

இவ்வளவு பெரிய தேடலின் முடிவில் புதிய தத்துவமோ மறைபொருளோ கிடைக்கும் என்று நூல் சொல்லவில்லை. தனக்கு முன்னே சிலர் நடந்து காட்டிய வழியைத்தான் மகன் அடைகிறான். விவிலிய ஞானம் முழுவதிலும் ஓடும் எண்ணம் இது: நன்மையை முதலில் மனிதர்களிடம் கண்டுகொள்கிறோம், பிறகுதான் விதிகளில் படிக்கிறோம். ரப்பர் தோட்டத்தில் மரங்களுக்கு நடுவே ஓடும் ஒற்றையடிப் பாதையை யாரும் அளந்து போடுவதில்லை. விடியுமுன் பால் வெட்டப் போகிறவர்களின் கால்களே அதைப் போடுகின்றன. நீதிமொழிகள் காட்டும் வழியும் அப்படி உண்டானதே.

ஞான நூல்கள் என்று விவிலியத்தில் வழங்கப்படுபவை யோபு, நீதிமொழிகள், சபை உரையாளர் ஆகியவை. சபை உரையாளரைச் சீர்திருத்தச் சபையினர் பிரசங்கி என்பார்கள். திருப்பாடல்கள் சிலவும் இந்த வகையில் அடங்கும். கத்தோலிக்க விவிலியத்தில் சீராக்கின் ஞானம், சாலமோனின் ஞானம் என்னும் இரு நூல்கள் கூடுதலாக உண்டு. சீனாய் மலையில் இடியும் மின்னலுமாகக் கட்டளைகள் இறங்கியதுபோன்ற காட்சி எதுவும் இவற்றில் கிடையாது. வீடு, வயல், சந்தை, ஊர்வாசல், விருந்துப் பந்தி ஆகியவையே இவற்றின் களம். பெரியவர் ஒருவர் தான் பார்த்ததையும் தனக்கு முன்னிருந்தவர்கள் பார்த்ததையும் இளையவர் ஒருவருக்குச் சொல்லிக்கொடுக்கிறார்.

இந்தக் கைமாற்றம் நான்காம் அதிகாரத்தில் நன்றாகத் தெரிகிறது. தந்தை அங்கே தன் சொந்த அறிவுரையைச் சற்று நிறுத்திவிட்டு, தான் சிறுவனாக இருந்தபோது தன் தந்தை தன்னை உட்காரவைத்துச் சொன்னதை நினைவுகூர்கிறார். பாட்டன், தந்தை, மகன் என மூன்று தலைமுறை ஒரே பேச்சில் வந்துவிடுகிறது. அறிவுரை சொல்கிறவரும் ஒரு காலத்தில் கேட்டுக்கொண்டிருந்தவர்தான் என்பதை மகன் அறிகிறான். அதே அதிகாரம் நீதிமான்களின் பாதையை, விடியலில் தொடங்கி நண்பகல்வரை வளர்ந்துகொண்டே போகும் ஒளியாகக் காண்கிறது. ஆகவே நீதிமான் என்பவர் முழுமை பெற்று முடிந்துவிட்டவர் அல்லர், வளர்ந்துகொண்டிருப்பவர்.

நல்ல வழியைக் காட்டுவதற்கு முன்பே நூல் கெட்ட வழியைக் காட்டிவிடுகிறது. முதல் அதிகாரத்தில் மகனிடம் முதலில் பேசவருகிறவர்கள் கும்பல்காரர்கள். எங்களோடு வா, பதுங்கியிருந்து ஆட்களை மடக்குவோம், கொள்ளையடித்த பொருளால் வீட்டை நிரப்புவோம், நம் எல்லாருக்கும் பை ஒன்றுதான் என்பது அவர்கள் அழைப்பின் சாரம். அந்தப் பொதுப் பைதான் தூண்டில். பணத்தைவிடவும், சேர்த்துக்கொள்ள ஆளிருக்கிறது என்ற உணர்வே இளைஞனை இழுக்கிறது என்பதை அந்தப் பழைய ஆசிரியர் அறிந்திருக்கிறார்.

மலேசியாவின் கெடா மாநிலத்தில் இந்தப் பகுதியை வாசிப்பவர்களுக்கு விளக்கம் அதிகம் தேவைப்படாது. பீடோங், சுங்கை பட்டாணி, கூலிம், பாடாங் செராய் வட்டாரங்களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும், ரப்பர் காடு செம்பனையாகவும் வீடமைப்புத் திட்டங்களாகவும் மாறியபோது, வரிசைக் குடியிருப்புகளான லயங்களில் கூடி வாழ்ந்த குடும்பங்கள் பட்டணத்தோர மலிவு வீடுகளுக்குச் சிதறின. தோட்டத்தில் வறுமை இருந்தது, அடக்குமுறை இருந்தது. ஆனால் ஒரு பையன் தவறான இடத்தில் நின்றால் பெயர் சொல்லிக் கூப்பிட்டு விசாரிக்கப் பத்துப் பெரியவர்களும் இருந்தார்கள். அந்தப் பத்துப் பேரும் பத்துத் திசையில் போனபின், விசாரிக்க வந்தவர்கள் வேறு ஆட்கள். 2013-ல் மலேசிய உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயர்களை வெளியிட்டபோது, அவற்றில் இந்திய இளைஞர்கள் பெருவாரியாக இருப்பது நாடெங்கும் பேசப்பட்டது. நீதிமொழிகள் அந்த இளைஞனிடம் கும்பலை விட்டு விலகச் சொல்வதோடு நின்றுவிடவில்லை; சேர்வதற்கு வேறொரு கூட்டத்தையும் காட்டுகிறது. பின்னதைச் செய்யாமல் முன்னதை மட்டும் சொல்லிக்கொண்டிருப்பது பயனற்றது.

யாருடன் சேர்வது என்பது நூலில் மீண்டும் மீண்டும் வரும் கேள்வி. ஞானிகளோடு நடப்பவன் ஞானியாவான், மூடரோடு தோழமை கொள்பவன் கெடுவான் என்கிறது பதின்மூன்றாம் அதிகாரம். கோபக்காரனோடு நட்புக் கொள்ளாதே என்று இருபத்திரண்டாம் அதிகாரம் எச்சரிப்பதற்குச் சொல்லும் காரணம் நுட்பமானது. அவன் அடித்துவிடுவான் என்பதல்ல, அவனுடைய போக்கை நீ கற்றுக்கொண்டுவிடுவாய் என்பதே அச்சம். இருபத்து மூன்றாம் அதிகாரம் குடிகாரர் கூட்டத்தைச் சொல்கிறது. இருபத்து நான்காம் அதிகாரம் தீயோரின் செழிப்பைப் பார்த்துப் பொறாமைப்படுவதைக்கூடத் தடுக்கிறது, ஏனென்றால் பொறாமை அவர்களோடு சேர்வதன் முதல் படி. மனிதன் பக்கத்திலிருப்பவர்களைப் பார்த்தே ஆகிறான் என்பதை இந்த அறிவுரைகள் எல்லாம் அடிப்படையாகக் கொண்டுள்ளன. பின்பற்றுவதா வேண்டாமா என்ற தேர்வு அவன் கையில் இல்லை. யாரை என்பது மட்டுமே அவன் கையில் உண்டு.

கோபக்காரனைப் பற்றிய இந்த எச்சரிக்கை இஸ்ரயேலில் மட்டும் பிறந்ததன்று. எகிப்திய ஞானியான அமெனெமோப்பின் போதனை, பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலுள்ள பாப்பிரஸ் சுருளிலிருந்து 1923-ல் வெளியிடப்பட்டது. அதற்கும் நீதிமொழிகள் 22, 23ஆம் அதிகாரங்களுக்கும் உள்ள நெருக்கத்தை அறிஞர்கள் உடனே கண்டுகொண்டார்கள். 30 பிரிவுகள் கொண்ட அந்த எகிப்திய நூலும் சூடான மனிதனிடமிருந்து விலகியிருக்கச் சொல்கிறது. நல்லவர் சொன்னது எந்த நாட்டிலிருந்து வந்தாலும் ஏற்கலாம் என்ற மனம் விவிலிய ஞானிகளுக்கு இருந்தது. தமிழ் வாசகருக்கு இதில் வியப்பு இராது. திருக்குறள் இதே பொருளுக்கு அடுத்தடுத்து இரண்டு அதிகாரங்களை ஒதுக்கியிருக்கிறது: 45ஆம் அதிகாரம் பெரியாரைத் துணைக்கோடல், 46ஆம் அதிகாரம் சிற்றினம் சேராமை. வள்ளுவர் இவற்றை அரசியலில் வைத்தார், அரசனுக்கே துணை தேவை என்பதால். நீதிமொழிகள் வீட்டுப் பிள்ளையிடமிருந்து தொடங்குகிறது. இரண்டும் வந்துசேரும் முடிவு ஒன்றே.

பின்பற்றத் தகுந்தவரை எப்படி அடையாளம் காண்பது? நீதிமொழிகள் இதற்குப் பெரிய இலக்கணம் எழுதவில்லை. சிறு சிறு செயல்களைக் காட்டுகிறது. நீதிமான் தன் கால்நடையின் உயிரையும் மதிக்கிறான். ஏழைகளின் உரிமை என்ன என்பதைத் தெரிந்துவைத்திருக்கிறான். பொல்லாதவனுக்கு அது தெரிவதே இல்லை. அவன் நன்றாயிருந்தால் ஊர் மகிழ்கிறது. கள்ளத் தராசு கடவுளுக்கு அருவருப்பு என்று பதினோராம் அதிகாரம் தொடங்குகிறது. தராசைப் பற்றிய பேச்சு இந்த நூலில் பல இடங்களில் வருவது காரணமில்லாமல் அல்ல. நிறுவைக்காரன் நேர்மையானவனா என்பதில் ஓர் ஏழைக் குடும்பத்தின் அன்றைய அடுப்பு அடங்கியிருக்கிறது. ரப்பர்ப் பால் நிறுக்கும் கொட்டகையில் வரிசையில் நின்றவர்களுக்கு, நிறுக்கிறவரும் கணக்கு எழுதும் கிராணியும் எப்படிப்பட்டவர்கள் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது தெரியும். சரியாக நிறுத்த ஒருவரின் பெயர் அந்தத் தோட்டம் மறைந்தபின்னும் சொல்லப்படும். நீதிமானின் நினைவு ஆசியாய் நிற்கும் என்று பத்தாம் அதிகாரம் சொல்வதன் பொருள் அங்கே கண்கூடு.

இன்னோர் அடையாளமும் உண்டு, அது பலருக்கு ஆறுதல் தருவது. நீதிமான் ஏழுமுறை விழுந்தாலும் எழுந்துவிடுவான் என்கிறது இருபத்து நான்காம் அதிகாரம். விழாதவனை அந்நூல் தேடவில்லை. ஆகவே ஒருவரை முன்மாதிரியாகக் கொள்வதற்கு அவர் குற்றமே அற்றவராயிருக்க வேண்டியதில்லை. விழுந்தபின் என்ன செய்கிறார் என்று பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். தாவீது இதற்குச் சான்று. உரியாவின் மனைவியைக் கவர்ந்து, உரியாவையும் போர்முனையில் சாகவிட்ட அவர், நாத்தான் இறைவாக்கினர் முகத்துக்கு நேரே குற்றத்தைச் சொன்னபோது மறுக்கவில்லை. அவருடைய பாவத்தை மறைக்காமல் எழுதிவைத்த நூல், அவர் மனம் திரும்பியதையும் எழுதிவைத்தது.

நீதிமொழிகளை மட்டும் படித்து நிறுத்திவிட்டால் ஓர் எளிய கணக்கு மனத்தில் தங்கிவிடும்: நல்லவன் வாழ்வான், கெட்டவன் அழிவான். விவிலிய ஞானத்தின் மற்ற நூல்கள் அந்தக் கணக்கை உடைக்கின்றன. நீதிமான் தன் நீதியிலேயே அழிவதையும் பொல்லாதவன் நெடுங்காலம் வாழ்வதையும் கண்டதாகச் சபை உரையாளர் வெளிப்படையாகச் சொல்கிறார். 73ஆம் திருப்பாடலின் ஆசிரியர், தீயோரின் கொழுத்த வாழ்வைப் பார்த்துத் தன் கால்கள் ஏறக்குறைய சறுக்கிவிட்டதாக ஒப்புக்கொள்கிறார். இந்தக் கேள்வியை முழுமையாக எடுத்துக்கொண்ட நூல் யோபு.

42 அதிகாரங்கள் கொண்ட அந்த நூல், ஊசு நாட்டைச் சேர்ந்த யோபு மாசற்றவர், நேர்மையாளர் என்று முதல் வசனத்திலேயே சொல்லிவிடுகிறது. ஏழாயிரம் ஆடுகள், மூவாயிரம் ஒட்டகங்கள், ஏழு மகன்கள், மூன்று மகள்கள் என்றிருந்தவர் ஒரே நாளில் எல்லாவற்றையும் இழக்கிறார். பிறகு உடலெங்கும் புண். ஆறுதல் சொல்ல வந்த எலிப்பாசு, பில்தாது, சோப்பார் மூவரும், நீ ஏதோ தவறு செய்திருக்க வேண்டும் என்றே வாதிடுகிறார்கள். யோபு அதை ஏற்பதில்லை. பொறுமைக்கு யோபு என்று சொல்வது வழக்கம். நூலைத் திறந்தால் பெரும்பகுதியில் அவர் முறையிடுகிறார், வழக்காடுகிறார், பதில் கேட்கிறார். கடைசியில் கடவுள் கண்டிப்பது அந்த நண்பர்களைத்தான்; யோபுவே தம்மைப் பற்றிச் சரியாகப் பேசினார் என்கிறார். துன்பத்தில் இருப்பவனைக் குற்றவாளியாக்கும் பக்திமான்களுக்கு இதைவிடக் கடுமையான பதில் விவிலியத்தில் வேறெங்கும் இல்லை.

யோபுவின் நீதி எதில் இருந்தது என்பதை 29, 31ஆம் அதிகாரங்கள் விரிவாகச் சொல்கின்றன. பார்வையற்றவருக்குக் கண்ணாகவும் கால் ஊனமுற்றவருக்குக் காலாகவும் அவர் இருந்தார். அறிமுகமற்றவரின் வழக்கையும் விசாரித்தார். தன் உணவை அனாதைப் பிள்ளைகளோடு பகிர்ந்தார். தன் வேலைக்காரரும் வேலைக்காரியும் தன்மேல் முறையீடு கொண்டுவந்தபோது அதைத் தள்ளிவிடவில்லை. அதற்கு அவர் தரும் காரணம், தன்னைக் கருவில் உருவாக்கியவர்தானே அவர்களையும் உருவாக்கினார் என்பது. விலை கொடுக்காமல் நிலத்தின் பலனை உண்டிருந்தால் கோதுமைக்குப் பதில் முள் முளைக்கட்டும் என்று தன்னைத்தானே சபித்துக்கொள்கிறார். முதலாளியாக இருக்கும் ஒருவன் எப்படி நீதிமானாக இருப்பது என்பதற்கு இந்த 31ஆம் அதிகாரம் போதும்.

இந்த யோபுவின் கதையைக் கேட்டு வாழ்க்கை மாறிய தமிழ்நாட்டு மனிதர் ஒருவர் இன்று புனிதராக வணங்கப்படுகிறார். கன்னியாகுமரி மாவட்டம் நட்டாலத்தில் 1712-ல் பிறந்த நீலகண்ட பிள்ளை, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனைப் பணியில் இருந்தவர். 1741-ல் குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்டு, பின்னர் மன்னரின் படையைப் பயிற்றுவித்த டச்சுப் படைத்தலைவர் டி லனாய் அவருக்கு நண்பரானார். குடும்பத்தில் அடுத்தடுத்து இழப்புகள் நேர்ந்து நீலகண்டர் மனம் ஒடிந்திருந்த நேரத்தில், டி லனாய் அவருக்கு யோபுவின் வரலாற்றைச் சொன்னார் என்பது அவருடைய வாழ்க்கை வரலாறுகள் எல்லாம் தரும் செய்தி. மறைநூல் விளக்கமோ வாதமோ அவரைத் தொடவில்லை. தன்னைப்போலவே இழந்து, இழந்தபின்னும் நிமிர்ந்து நின்ற ஒரு மனிதன் இருந்தான் என்பதே தொட்டது.

1745-ல் வடக்கன்குளத்தில் இயேசு சபைக் குரு புத்தாரியிடம் திருமுழுக்குப் பெற்று அவர் தேவசகாயம் ஆனார். மனைவி பார்கவி அம்மாளும் திருமுழுக்குப் பெற்று ஞானப்பூ ஆனார். தேவசகாயம் சாதி பார்க்காமல் எல்லாரோடும் பழகியது அக்காலச் சமூகத்தில் பெரும் மீறல். 1749-ல் கைதானார். மூன்றாண்டு சிறையும் வதையும் அனுபவித்தபின் 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய உடல் கோட்டாறு புனித சவேரியார் பேராலயத்தில் அடக்கமாயிற்று. 2012 டிசம்பர் 2 அன்று அருளாளராகவும், 2022 மே 15 அன்று உரோமையில் திருத்தந்தை பிரான்சிசால் புனிதராகவும் அறிவிக்கப்பட்டார். இந்தியாவின் பொதுநிலையினரில் முதல் புனிதர் அவர். ஊசு நாட்டு யோபு டி லனாயின் வாய்வழியாக நட்டாலத்துக்கு வந்து, அங்கிருந்து இன்று தமிழ்க் கத்தோலிக்கர் வாழும் ஊர்களுக்கெல்லாம் போயிருக்கிறார். இடையில் நின்று கதை சொன்னவர் தோற்றுப்போன ஒரு போர்வீரர். நீதிமானின் வழியைக் காட்டப் பெரிய ஞானியாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு அவரே சான்று.

நல்லோரைத் தேடிப் போவதை ஒரு பழக்கமாகவே கற்பித்த நூல் சீராக்கின் ஞானம். எருசலேமைச் சேர்ந்த பென் சீரா கிறிஸ்துவுக்கு முன் 180ஆம் ஆண்டையொட்டி இதை எபிரேயத்தில் எழுதினார். அவருடைய பேரன் 132-க்குப் பின் எகிப்தில் அதைக் கிரேக்கத்தில் பெயர்த்தார். ஆறாம் அதிகாரத்தில், அறிவாளி ஒருவரைக் கண்டால் விடியற்காலையிலேயே அவர் வீட்டுக்குப் போ, உன் கால்பட்டு அவர் வாசற்படி தேயட்டும் என்கிறார் பென் சீரா. நல்லவரைப் புகழ்வது எளிது, அவர் படி தேயத் தேயப் போவதுதான் பின்பற்றுதல் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. 44 முதல் 50 வரையுள்ள அதிகாரங்களில் அவரே ஏனோக்கு, நோவா, ஆபிரகாம் தொடங்கி முன்னோரை வரிசையாகப் பாராட்டுகிறார். அந்தப் பாராட்டின் தொடக்கத்தில், பெயர் விட்டுப்போனவர்களையும் ஒரு கணம் நினைக்கிறார். பிறந்ததே தெரியாமல் மறைந்தவர்களும் இரக்கமுள்ளவர்களாய் இருந்தார்கள் என்கிறார். வரலாறு எழுதுகிறவர்கள் அடிக்கடி மறக்கும் கூட்டம் அது.

புதிய ஏற்பாடும் இதே தடத்தில் செல்கிறது. மத்தேயு நற்செய்தி யோசேப்பை நீதிமான் என்று அறிமுகப்படுத்துகிறது. மரியாவை ஊரறிய அவமானப்படுத்த அவர் விரும்பவில்லை என்பதே அங்கே சொல்லப்படும் செயல். சட்டம் தந்த உரிமையைப் பயன்படுத்தி ஒரு பெண்ணைக் காயப்படுத்தாமல் இருப்பதும் நீதியே. இந்த யோசேப்பைப் பாட்டுடைத் தலைவராக்கி, வளன் என்ற தமிழ்ப் பெயர் சூட்டி, 3615 விருத்தங்களில் வீரமாமுனிவர் 1726-ல் தேம்பாவணி பாடினார். எபிரேயர் திருமுகம் 11ஆம் அதிகாரம் ஆபேல் முதல் இறைவாக்கினர்வரை நம்பிக்கையாளர்களை அடுக்குகிறது. 13ஆம் அதிகாரம் தலைவர்களின் வாழ்வு எப்படி முடிந்தது என்று உற்றுநோக்கி அவர்களைப் பின்பற்றச் சொல்கிறது. ஒருவரின் பதவியேற்பைவிட முடிவைப் பார்க்கச் சொன்னது நல்ல அளவுகோல்.

அந்த அளவுகோலை வைத்துப் பார்க்கக் கெடாவிலேயே ஒருவர் உண்டு. இந்த மாநிலத்துக்கும் கிறித்தவத்துக்கும் உறவு பழையது. 1780களில் குவாலா கெடாவில் ஒரு கத்தோலிக்கக் குழு பிரெஞ்சு மறைப்பணியாளர் கார்னோவின் பொறுப்பில் இருந்தது; 1786-ல் பினாங்கு ஆங்கிலேயர் கைக்கு வந்தபோது அவர்கள் அங்கே பெயர்ந்தார்கள். பின்னர் தோட்டங்கள் வளர, தமிழ்க் கிறித்தவக் குடும்பங்களும் சுங்கை பட்டாணி, கூலிம், அலோர் ஸ்டார் வட்டாரங்களில் வேரூன்றின. அந்தச் சுங்கை பட்டாணியில் 1932-ல் பிறந்தவர் அந்தோணி சோத்தர் பெர்னாண்டஸ். 1966-ல் குருவானார். பினாங்கு ஆயராகவும், 1983 முதல் 2003 வரை கோலாலம்பூர் பேராயராகவும் இருந்தார். 2016 நவம்பரில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரை மலேசியாவின் முதல் கர்தினால் ஆக்கியபோது அவர் ஓய்வுபெற்றுப் பதின்மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. ஓய்வுக்குப்பின் அவர் பினாங்கு குருமடத்தில் மாணவர்களுக்கு ஆன்ம வழிகாட்டியாக இருந்தார். கடைசிக் காலத்தைச் செராசில் ஏழைகளின் சின்னச் சகோதரிகள் நடத்தும் முதியோர் இல்லத்தில் கழித்தார். 2020 அக்டோபர் 28 அன்று காலமானார். பேராயராக இருந்தவர் பதவி இறங்கியபின் இளம் மாணவர்களின் பக்கத்தில் போய் உட்கார்ந்ததும், வறிய முதியவர்களின் கூரைக்குக் கீழ் தங்கியதும், கர்தினாலின் சிவப்பு அங்கியைவிட அதிகம் கற்பிக்கக்கூடியவை.

முன்மாதிரியின் வலிமையைக் கெடாத் தோட்டங்கள் கிறித்தவத்துக்கு வெளியிலும் கண்டிருக்கின்றன. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், 1946, 1947 ஆண்டுகளில், பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தை மையமாகக் கொண்டு ஏ.எம். சாமியின் தலைமையில் தொண்டர் படை எழுந்தது. கள்ளுக்கடைகளை மூடச் சொல்லி அது போராடியது. குடிப்பழக்கம் கூலியை விழுங்கி, தொழிலாளியைத் தலைநிமிரவிடாமல் வைத்திருந்த காலம் அது. குடி கூடாது என்று துரைமாரும் பட்டணத்துப் பெரியவர்களும் அதற்கு முன்பும் சொல்லியிருக்கலாம். தொண்டர் படையின் இளைஞர்களோ அதே லயத்தில் வாழ்ந்தவர்கள், அதே மரத்தை வெட்டியவர்கள். அதனால்தான் அந்த எழுச்சி தோட்டம் தோட்டமாகப் பரவியது. 1947-ல் கூலிம் டப்ளின் தோட்டத்தில் காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தும் அளவுக்கு அது அதிகாரத்தை அசைத்தது. குடித்தவன் சட்டத்தை மறந்து ஏழையின் வழக்கைப் புரட்டிவிடுவான் என்று நீதிமொழிகள் 31ஆம் அதிகாரத்தில் ஒரு தாய் தன் அரச மகனை எச்சரிக்கிறாள். குடிக்கும் நீதிக்கும் இடையே அவள் கண்ட தொடர்பை, விவிலியம் படிக்காத அந்த இளைஞர்கள் தங்கள் வாழ்விலேயே கண்டார்கள்.

தந்தை மகனுக்குச் சொல்வதாகத் தொடங்கிய நீதிமொழிகள், இந்தத் தாயின் பேச்சோடும் ஒரு பெண்ணின் படத்தோடும் முடிகிறது. நூலின் கடைசி 22 வசனங்கள் எபிரேய அகரவரிசைப்படி அமைந்த ஒரு பாட்டு. அதில் வரும் பெண் இருட்டிருக்கையிலேயே எழுந்து வீட்டாருக்கு உணவு ஆக்குகிறாள், நிலம் பார்த்து வாங்குகிறாள், உழைத்துச் சேர்த்ததில் திராட்சைத் தோட்டம் போடுகிறாள், எளியவனுக்குக் கை நீட்டுகிறாள். அழகைப் பற்றிய புகழ்ச்சி அங்கே இல்லை. அவள் கைகளின் வேலையே ஊர்வாசலில் அவளைப் புகழும் என்று பாட்டு முடிகிறது. அதிகாலையில் சமைத்துவைத்து, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டு, காலைப் பேர்ப்பதிவான பிரட்டுக்குப் போய் நின்று, பால் வெட்டி, வாளி சுமந்து குடும்பத்தைத் தாங்கிய கெடாத் தோட்டப் பெண்களைப் பற்றி ஊர்வாசலில் பேசியவர்கள் குறைவு. மகன்களுக்கு முன்மாதிரி தேடும் சமூகம் முதலில் பார்த்திருக்க வேண்டிய இடம் அது.

எபிரேய விவிலியத்தின் பழைய கைப்படிகள் சிலவற்றில் நீதிமொழிகளை அடுத்து வருவது ரூத்து நூல். பெத்லகேமிலிருந்து மோவாபுக்குப் பஞ்சம் பிழைக்கப் போன குடும்பத்தின் விதவை மருமகள் ரூத்து. மாமியார் நகோமியை விட்டுப் பிரிய மறுத்து தனக்கு அந்நியமான பெத்லகேமுக்கு வந்தவள், வாற்கோதுமை அறுவடையில் உதிரி பொறுக்கிப் பிழைத்தவள். அவளைப் பற்றி நிலக்காரர் போவாசு பேசும்போது, நீதிமொழிகளின் கடைசிப் பாட்டு அந்தப் பெண்ணுக்குத் தரும் அதே பட்டத்தைத் தருகிறார், ஊரார் எல்லாருக்கும் அது தெரியும் என்கிறார். சாலமோனின் பெயரால் வழங்கும் நூல் காட்டிய நிறைமனிதரின் சாயலை, அடுத்த நூல் கூலிவேலைக்கு வந்த வெளிநாட்டுப் பெண்ணிடம் காண்கிறது. அந்தப் பெண்ணின் கொள்ளுப் பேரன் தாவீது. மத்தேயு எழுதிய இயேசுவின் தலைமுறை அட்டவணையில் பெயர் சொல்லப்படும் மிகச் சில பெண்களுள் அவளும் ஒருத்தி.